கிணற்றடியில் வலப்பக்கம்

டீச்சர்,

இன்று வலயக் கல்விக் கந்தோரில் ஒலிப்பாடம் தயாரிக்கும் செயலமர்வு. பொட்காஸ்ட் என்று பெயர் சொல்லி, ஆளுக்கொரு இயர்போனைக் கையில் தந்தார்கள். அந்தப் புதுப் பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் இயர்போனை மேசையில் வைத்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அவர்களுக்கு இது புதுச் சங்கதி. நாமோ போர் முடிந்து ஊர் மீள்குடியேறிய கையோடு, அந்தத் தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து பார்த்தவர்கள். வெளிக்களப் பாடத்துக்குப் போகும் கரையில் சோளகக் காற்று வீசும்போது நாம் எவ்வளவு கத்தினாலும் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்காது. தாள் கொடுத்தால் பறந்துவிடும். "பாடத்தைப் பேசிப் பதிஞ்சு போனில போட்டுக் குடுப்பம் சேர். காது கேக்கட்டும், கண் கரையைப் பாக்கட்டும்" என்றீர்கள்.

முருங்கன் வயல்வெளியில் வளர்ந்த உங்களுக்குக் கடற்கரை புதிது. அதை நீங்கள் மறைத்ததுமில்லை. அதனால் வழி சொல்லும் வேலை எனக்கு வந்தது. சிலாவத்துறைக்குப் பக்கத்தில் அது நான் பிறந்த கரை. பத்து வயதில், போரில் ஊரோடு விரட்டப்பட்டு, புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, முப்பது கடந்து திரும்பியவன் நான். ஆனாலும் ஊரில் எனக்குத் தெரியாத இடமில்லை என்றொரு வீறாப்பு.

நான் சொல்லச் சொல்ல உங்கள் குரலில் பதிந்தீர்கள். "இடிந்த கிணற்றடியில் வலப்பக்கம் இறங்குங்கள். கண்டல் மர வேர்களைக் காண்பீர்கள்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"அந்தப் பக்கம் இப்ப நடந்து பாத்தனீங்களோ சேர்?"

"ஓம் டீச்சர், போன கிழமைதான்."

பொய். கிணறு வரைதான் போனேன். வெயில் சுட்டது, திரும்பிவிட்டேன். சிறுவயதில் நண்டு பிடித்த இடம், அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். அங்கே மிதிவெடி அப்போது அகற்றப்பட்டிருக்கவில்லை. எச்சரிக்கைப் பலகை பற்றைச் செடிகளுக்குள் சரிந்து கிடந்தது.

கரைக்குக் கூட்டிப் போன அன்று, காற்றிரைச்சல் தாங்காமல் பிள்ளைகள் இரண்டு காதையும் இயர்போனால் அடைத்திருந்தார்கள். நான் வரிசையின் கடைசியில் வந்தேன். பலகையைக் கண்டது நீங்கள்.

"நில்லுங்கோ! பிள்ளையள், நில்லுங்கோ!"

முன்னால் போன மாணவிக்குக் கேட்கவில்லை. அவள் காதுக்குள்ளும் உங்கள் குரல்தான், நிதானமாக, இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவளைப் பிடித்து, வந்த அடிச்சுவட்டிலேயே திருப்பி அனுப்பினீர்கள். அவளுக்கு வழிவிட ஓரடி விலகினீர்கள். அந்த ஓரடியில்தான் வெடித்தது.

வழியை யார் தீர்மானித்தது என்று விசாரணையில் கேட்டார்கள். "பதிவில இருக்கிறது டீச்சர்ட குரல்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதை நினைத்தால் எனக்கே என்மீது அருவருப்பு வருகிறது.

இப்போதெல்லாம் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போனாலும் முதல்நாள் நானே நடந்து பார்க்கிறேன். ஒரு காதைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். கவனமான சேர் என்று பெயர் எடுத்துவிட்டேன்.

செத்தவீட்டில் உங்கள் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எதையும் ரெண்டு தரம் பாக்கிற பிள்ளை. இதை மட்டும் ஏன் பாக்காமல் விட்டவள், சேர்?"

அவர் இன்னும் முருங்கனில்தான் இருக்கிறார். போகிற வருகிற ஆசிரியர்களிடம் அதையே கேட்கிறாராம். பதில் என்னிடம் இருக்கிறது, டீச்சர்.