சுவரோரம் விட்ட இடம்

அன்புள்ள தாரணிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நீ எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் இங்கே தொம்மலூரில் ஒரு சுவாமிஜியிடம் அத்வைதம் கேட்கப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா? போன வாரம் அவர், "ஆழ்ந்த தூக்கத்துல சம்சாரம் இல்ல, ஊர் இல்ல, ரெண்டாவதா ஒண்ணுமே இல்ல. ஆனா நீ இருக்கே, நிம்மதியா இருக்கே. அந்த நீதான் நெஜம்" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மறுநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் அசந்து தூங்கினேன். தூக்கத்திலேயே கட்டிலிலிருந்து விழுந்துவிட்டேன். முழங்கையில் லேசான சிராய்ப்புதான், பயப்படாதே. என்னோடு அறையில் இருக்கும் சீனு தூக்கிவிட்டு, "தெனமும் ஓரத்துலயே படுக்கிறே. செவுத்துப் பக்கம் யாருக்கு மச்சி எடம் விடுறே?" என்று கேட்டான். ஒரே ஆள் படுக்கிற கட்டில் இது.

சுவாமிஜியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் பாடத்தைப் பொய்யாக்கிவிட்டேனோ என்று கூச்சமாக இருக்கிறது.

பார்சலில் பருப்புப்பொடியும் உன் பழைய போர்வையும் அனுப்பு. இங்கே குளிர்.

ஆபீஸ் கேப் வந்துவிட்டது, வைட்ஃபீல்ட் போக வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே நீ இன்னும் சுவரோரமாகத்தான் படுக்கிறாயா? கட்டிலின் நடுவுக்கு வந்திருந்தால் அதை எனக்கு எழுதாதே.

உன்
இளங்கோவன்