பத்து நொடி

களிமண்ணுக்கு,

ஆண்டுக் கண்காட்சி முடிந்தது. தலைநகரத்து ஓவியர்கள், சிற்பிகள், புகைப்படக்காரர்கள் எல்லோரையும் வழக்கம்போல் அரங்கின் படிக்கட்டில் நிறுத்திப் படமெடுத்தேன்.

நீ கோபித்துக்கொண்டு போகும்படி உன் சிலைகளைப் பற்றி நான் மேடையில் சொன்னதை இங்கே கிளறப்போவதில்லை.

கேமராவில் பத்து நொடி டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் மேல்படியில் நின்றுகொண்டேன். பிறகு படத்தைப் பார்த்த கிழட்டு ஓவியர், "ஏம்மா, உன் பக்கத்துல இவ்ளோ இடம் காலியா கெடக்கே?" என்றார். லென்ஸ் கோளாறு என்று சமாளித்தேன்.

அந்தப் பக்கத்தை வெட்டிவிடலாம் என்கிறார்கள். வெட்டினால் என் கையும் போய்விடும். ஒவ்வொரு வருடமும் "சீக்கிரம் வாடி!" என்று நீ பிடித்து மேலே இழுப்பாயே, அந்தக் கை பழக்கதோஷத்தில் காலி இடத்தை நோக்கி நீண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓடி வருகிறவள்