மரவள்ளிக் கொல்லையில் சொன்ன பெயர்ச்சொற்கள்

மெர்கோங் ஊரில் மகள் வீட்டுக் கூடத்தில் என் பேத்தி ஆங்கில இலக்கணம் படித்துக்கொண்டிருந்தாள். "டீச், டீச்சர். ரைட், ரைட்டர்." நான் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். "ஏன் பாட்டி, புழுக்கமா இருக்குலா" என்றாள். நீ இருந்திருந்தால் கேட்டே இருக்கமாட்டாய்.

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணி ஆங்கிலப் பள்ளிக்கு ஒரே பஸ்ஸில் போன தோழிகள் நாம். ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களை ஒற்றர் என்று பிடித்துப் போவதாகச் சொல்லிக்கொண்டார்கள். என் அண்ணனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள்.

நீ மட்டும் விடவில்லை. "சண்டை முடிஞ்சா பரீட்சை எழுதணும்டி. மறந்துட்டா யாரு திருப்பித் தருவா?" என்பாய். மரவள்ளிக்குக் களை எடுக்கும்போது நீ ஒரு வினைச்சொல் சொல்வாய். நான் அதைப் பெயர்ச்சொல்லாக்க வேண்டும். சிலவற்றுக்கு வால் ஒட்டினால் போதும். சில முகமே மாறிப்போகும். சாவதைச் சொல்லும் 'டை'க்கு 'டெத்' என்று உனக்குச் சொன்ன நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள், வேலை செய்பவரைக் குறிக்கும் பெயர்கள். 'டீச்' என்றாய். 'டீச்சர்' என்றேன். வாழைமரங்களுக்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். ஒரு சிப்பாய், கூடவே மொழிபெயர்க்க வந்த தமிழர், முன்பு எங்கோ தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர்.

"இங்கிலீஷ் பேசினீங்களா? வீட்டுல ரேடியோ இருக்கா?" என்று கேட்டார்.

நீ மண்வெட்டியைக் கீழே வைத்தாய்.

"இல்லீங்கண்ணே. எங்கப்பா பால்மரம் வெட்டுற டேப்பரு, இவங்கப்பா ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரஸ்ஸரு. அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம். தோட்டத்துல அதுக்கு வேற பேரு ஏதுண்ணே?"

நாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது. உன்னைப் பார்த்தார். பிறகு ரப்பர் மரத்தைக் காட்டி, சிப்பாயிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ விளக்கினார். "தாப்பா?" என்றான் அவன். 'தப்பா' என்று கேட்கிறானோ என நான் நடுங்கினேன். நீ தலையை ஆட்டி, "டேப்பர்" என்றாய்.

அவன் உன் இடக் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுத் திரும்பி நடந்தான். கிராணி பின்தங்கி, "வாயைத் திறக்காதீங்கம்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு ஓடினார்.

உன் இடக் காதிலிருந்து ரத்தம் வந்தது. என் முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். உன் பற்கள் கிடுகிடுத்தன. இவ்வளவு நேரமும் நீயும் பயந்துகொண்டுதான் இருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. சண்டை முடிந்ததும் நீ பரீட்சை எழுதினாய், ஆசிரியையானாய். நான் பள்ளிக்குத் திரும்பவில்லை. அண்ணனும் திரும்பவில்லை. நீ வரும்போதெல்லாம் உனக்கு வலப்புறமாக உட்கார்ந்து பேசுவேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை. யாரோடு பேச உட்காரப் போனாலும் கால்கள் தாமாகச் சுற்றிப்போய் அவர்களுடைய வலப்பக்கத்தில் நின்றுவிடுகின்றன.