முதலில் முளைத்த பல்

ஹெல்சிங்கி
12.11.2006

அன்புள்ள சனோபர் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் அம்மா உன் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

எலிப்பல்லில் அப்படி என்னடி ஆராய்ச்சி என்று கேட்டாயே, சொல்கிறேன். கருவில் இருக்கும்போதே எலியின் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளை கட்டும். முதலில் முளைத்தது பின்னால் வருவதைத் தடுத்துப் பிடிக்கும். பின்முளையை வெட்டித் தனியே வளர்த்தால் சீக்கிரமாக, பெரிதாக வளர்கிறது. தடுப்பு கூடினால் பின்பற்கள் சிறுத்து, கடைசிப் பல் இல்லாமலே போகும். குறைந்தால் பின்பற்கள் பெரிதாகும். புல் தின்னும் எலி, பூச்சி தின்னும் எலி என்று எதைப் பார்த்தாலும் பல்லின் அளவு இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. எத்தனை லட்சம் வருஷம் மாறினாலும் கரு விட்ட வழியில்தான் மாறியிருக்கிறது.

இம்ரான் வீட்டார் எங்கள் கல்யாணப் பேச்சுக்கு பக்ரீத்துக்கு மேல் பொறுக்க மாட்டார்களாம். அவரைத் தவிர வேறு யாரையும் என்னால் நினைக்க முடியாது. அம்மாவிடம் நீதான் பேச வேண்டும்.

உன் பர்சானா

உத்திரமேரூர்
3.12.2006

அன்புத் தங்கைக்கு,

வ அலைக்கும் ஸலாம். எலி சங்கதியை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் கடையில் வைத்த பொறியில் விழுந்த எலியின் வாயைக் குச்சியால் பிளந்து பார்த்துவிட்டு, "இத்தப் பாக்கவா அம்மாந்தூரம் போய்க்கீது?" என்றார்.

தனியாக மறுபடி படித்தபோது சுருக்கென்றது. பல்லைப் பற்றி எழுதினாயா, என்னைப் பற்றியா? பெரியவளுக்கு முடியாமல் சின்னவளுக்கு இல்லை என்று உன்னைத் தடுத்துக்கொண்டு நிற்பவள் நான்தானே.

வெள்ளிக்கிழமை இம்ரானின் அம்மா வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். வழக்கம்போல் என்னைப் பின்கட்டில் இருக்கச் சொன்னாள் அம்மா. "பெரியவ வூட்ல கீறப்போ சின்னவளுக்கு இன்னா அவசரம்?" என்று அவர்களிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. டீயை எடுத்துக்கொண்டு நானே முன்னால் போனேன். "நாந்தான் பெரியவ. எனக்கு வரும்போது வரட்டும். பர்சானாவுக்குத் தேதி வைங்க" என்றேன். பிப்ரவரியில் நிக்காஹ். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை.

ஒன்று கேட்கிறேன். பின்பல்லை வெட்டி எடுத்தீர்களே, அந்த முதல் பல் என்ன ஆயிற்று? அதை நீ எழுதவே இல்லை.

சனோபர்

ஹெல்சிங்கி
18.12.2006

என் அக்காவுக்கு,

அல்லாஹ் மேல் ஆணையாகப் பல்லைப் பற்றித்தான் எழுதினேன். ஆனால் நீ கேட்ட முதல் பல்லை நாங்கள் கவனிக்கவே இல்லை. இங்கே எல்லோரும் பின்பல்லையே அளந்துகொண்டிருந்தோம். உன் கடிதம் வந்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் பல் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

அது எலியின் பல். நீ என் அக்கா. எனக்காக அம்மாவின் பேச்சை இழந்து உட்கார்ந்திருக்கிறாய்.

ஜனவரி கடைசியில் வருகிறேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதே. உன்னைப் பார்க்காமல் வெளியே வரமாட்டேன்.

பர்சானா