நான் போடாத கையெழுத்து

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் கொலம்பஸில் நலம்.

போன வாரம் அலுவலகத்தில் சிறு சலசலப்பு. சரியாகிவிட்டது, பயப்பட வேண்டாம். வியாபாரம் மந்தம் என்று எல்லோருக்கும் பத்து சதவீதம் சம்பளம் குறைத்து, ஒப்புதல் தாளில் கையெழுத்து கேட்டார்கள். மறுத்தால் வேலை போகும், பதினோரு வருடமாகக் காத்திருக்கும் கிரீன் கார்டும் போகும் என்ற பயத்தில், விசுவாசம் காட்ட முதல் ஆளாகப் பேனாவை எடுத்தேன்.

டோரீன் தாளைப் பிடுங்கிக்கொண்டார். என் கிரீன் கார்டு மனுவை ஒரு வருடம் தாமதமாக அனுப்பிய அதே மனிதவளத் துறை அதிகாரிதான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"பைத்தியமா உங்களுக்கு? உங்க கிரீன் கார்டு மனுவுல ஒரு சம்பளம் எழுதிக் கொடுத்திருக்கோம். அதுக்குக் கீழ வாங்கினா, அந்தச் சம்பளத்தைக் கம்பெனியால தர முடியுமான்னு குடியேற்ற ஆபீஸ்ல கேப்பாங்க. மனுவே அடிபடும்."

"எல்லாரும் போடறாங்களே?"

"அவங்க இந்த நாட்டுக்காரங்க. என்னை முறைக்காம போய் வேலையைப் பாருங்க, மிஸ்டர் நம்பெருமாள்."

முதலாளியிடம் வாதாடி என் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டார். டோரீனுக்கும் சம்பளம் குறைந்துவிட்டது என்பது நேற்றுதான் தெரிந்தது. தாமதம் தாமதம்தான், ஆனாலும் இன்று அவர் அறைக்குப் போய் நன்றி சொன்னேன்.

"நீங்களா நன்றி சொல்றது? இருங்க, எனக்கு மயக்கம் வருது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சீக்கிரம் போனை வைத்துவிடாதீர்கள்; அன்று எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அங்கிருந்து யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். இரண்டு பாட்டில். ஒன்று டோரீனுக்கு.

நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்; பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகன்,
நம்பெருமாள்