அக்காவின் தேர்வுக்கு நான்தான் வாடிக்கையாளர்

மார்ச் 3, செவ்வாய்

திரைச்சீலை ஒன்பது தைத்து முடிந்தது. பத்தாவதில் நூல் அறுந்து அறுந்து உயிரை வாங்கியது.

அக்கா விடியற்காலை ஐந்து மணிக்கே சமையலறை மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுகிறாள். அவள் வேலை பார்க்கும் வங்கிக் கிளையை மே மாதக் கடைசியில் மூடுகிறார்கள். முதலீட்டு ஆலோசகர் பயிற்சியில் தேறுகிறவர்களுக்குத் தலைமை அலுவலகத்தில் இடம். மற்றவர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு பூங்கொத்தும். பூங்கொத்து அக்கா சேர்த்தது. அம்மா சிரிக்கவில்லை. வீட்டில் பெரிய சம்பளம் அது ஒன்றுதான்.

மார்ச் 5, வியாழன்

இன்று நான் ஓய்வுபெற்ற தபால்காரர். அக்கா ஆலோசகர்.

"சொல்லுங்கய்யா, இத்தனை வருஷத்துல என்ன சேர்த்தீங்க?"

"நாய்க்கடி நாலு."

பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள் எனக்கு வாய் நன்றாகவே வருகிறது. வாசல் தாண்டினால்தான் எங்கே போகிறதோ. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள், குரலே வரவில்லை, வகுப்பே சிரித்தது. பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

பயிற்சியில் அக்காவுக்குப் பாடம் எடுக்கும் அம்மையாருக்கு 'ஆனா மேடம்' என்று பட்டப்பெயராம். யார் எந்தப் பதில் சொன்னாலும் "ஆனா?" என்று கேட்பாராம். அப்படிக் கேட்டே ஒரு மேனேஜரை அழவைத்திருக்கிறார்.

அக்கா எழுதும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று தாள் வைக்கிறாள். இப்போது ஆட்டம் காணும் அரசு நிலைத்தால் என்ன ஆகும், கவிழ்ந்தால் என்ன ஆகும், ஆறு மாதம் யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இழுத்தால் என்ன ஆகும். மூன்றாவது தாள்தான் கஷ்டமாம். பங்கு, கடன் பத்திரம், வைப்பு, தங்கம் என்று பிரித்து வைத்த பணத்தை மூன்று தாளிலும் நடக்கவிட்டுப் பார்க்கிறாள்.

"எது நடக்கும்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதுடி. எது நடந்தாலும் அந்த ஆளு நடுத்தெருவுல நிக்காம பாத்துக்கணும். அவ்வளவுதான் வேலை."

நான் தையலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். தெரியாது என்பதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மார்ச் 16, திங்கள்

தேர்வுக்கு நிஜ வாடிக்கையாளர் வேண்டுமாம். நிஜச் சேமிப்பு. தேர்வாளர்கள் அந்த ஆளிடமே கேள்வி கேட்பார்கள்.

அக்கா அம்மாவைக் கேட்டாள். "என்கிட்ட சேர்ந்திருக்கறது மூட்டுவலி. அதை எதுல போடுவ?" என்றாள் அம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருடத் திரைச்சீலைக் காசு என்னிடம் இருக்கிறது.

சரி என்றேன். வாசல் தாண்டிப் பேச வேண்டுமே.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா படிவம் நிரப்பினாள். வயது பதினெட்டு. என்னை நம்பி யாரும் இல்லை.

"இந்தப் பணம் எப்ப வேணும்?"

"எப்பவோ."

"எதுக்காவது வெச்சிருக்கியா?"

"இல்லக்கா."

பொய். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்கத்தான் வைத்திருக்கிறேன். அது இருக்கிறவர்களுக்கு அடுத்த வருடம் ஓட்டல் திரைச்சீலை ஆர்டர் தருவதாக, நான் தைத்துக் கொடுக்கும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அக்காவிடம் சொன்னால் உடனே தன் சம்பளத்தில் வாங்கித் தந்துவிடுவாள். இந்த நேரத்திலா?

சின்ன வயது, அவசரமில்லை என்று பெரும்பகுதியைப் பங்குகளில் போட்டாள். புத்தகப்படி சரிதானாம்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று தேர்வு. முழுவதும் எழுதிவிட வேண்டும்.

நீள மேசை, மூன்று தேர்வாளர்கள், நடுவில் ஆனா மேடம். அக்கா திட்டத்தைச் சொன்னாள். தடங்கலே இல்லை. மேடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். எல்லோருக்கும் பாதியில் இப்படி ஒரு செய்தி வருமாம். அரசு கவிழ்ந்தது, தேர்தல் எப்போது என்று தெரியாது, பங்கு விலை மூன்றில் ஒரு பகுதி சரிவு, நாணயமும் சரிவு. கற்பனைதான். எனக்கு நிஜம் போலவே இருந்தது.

"இவங்களுக்கு வயசு இருக்கு மேடம். அஞ்சு வருஷம் காத்திருப்பாங்க" என்றாள் அக்கா.

மேடம் என் பக்கம் திரும்பினார். "காத்திருப்பியாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. அக்காவுக்கு வேலை. அவளைப் பார்த்தேன். ஜாடை காட்டவில்லை, கண்ணால்கூட. எனக்கு ஆமாம் சொல்ல வரவில்லை. இத்தனை நாள் உண்மையாக உழைத்தவள் முன்னால் எப்படிப் பொய் சொல்வது?

"மாட்டேன்."

"ஏன்?"

"அடுத்த வருஷம் மெஷின் வாங்கணும்."

"ஆனா? படிவத்துல அது இல்லையே."

"நான்தான் சொல்லல."

வேறு யாராக இருந்தாலும் என்மேல் பழியைப் போட்டிருப்பார்கள். அக்கா போடவில்லை. "நான் சரியா கேக்கல மேடம்" என்றாள். தன் திட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். எத்தனை விடியல் அது! மீதி இருந்தது இருபது நிமிடம். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

என்ன விலை? எந்த மாதம்? நம்ம ஊர் மெஷினா, வெளிநாட்டிலிருந்து வருவதா? வெளிநாடு என்றதும் நிமிர்ந்தாள். நாணயம் சரிந்தால் அதன் விலை ஏறும், இல்லையா? மெஷின் பணத்தைத் தனியாகப் பிரித்தாள். பெரும்பகுதி ஒரு வருட வைப்பில், கொஞ்சம் வெளிநாட்டு நாணய வைப்பில். மிஞ்சிய சிறு தொகை மட்டும் பங்குகளில். மூன்று தாளும் இல்லாமலே மூன்று நிலைமைக்கும் வாயாலேயே கணக்குச் சொன்னாள்.

மேடம் கடைசியில் "ஆனா?" என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா?

திரும்பும் பஸ்ஸில்:

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயே வாங்கிக் குடுத்துடுவே."

அக்கா டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள். "உனக்கு அந்தத் தபால்காரரே தேவலை. நாய்க்கடியையாவது மறைக்காம சொன்னாரு."

மார்ச் 25, புதன்

நான் கெடுத்துவிட்டேனா?

ஏப்ரல் 9, வியாழன்

தேறிவிட்டாள். முடிவுத் தாளில் மேடத்தின் குறிப்பு: 'முதல் திட்டம் தவறு. தவறென்று தெரிந்ததும் செய்தது சரி.' அக்கா அதை இரண்டு முறை படித்தாள். என் காசை அந்தப் புதுத் திட்டப்படியே நிஜமாகப் போடப்போகிறாளாம். அம்மா முகத்தைக் கழுவ உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

மதியம் நிஜமாகவே அரசு கவிழ்ந்தது. தெருவில் எல்லோர் கையிலும் போன்.

மூன்று மணிக்கு அக்கா தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். "உன் பங்கு கொஞ்சம் சரிஞ்சிருக்கு. மெஷின் பணம் பத்திரமா இருக்கு. பயமா இருக்கா?"

"கொஞ்சம். நீ சாப்பிட்டியா?"

"வெளிய பதினாலு பேரு உட்கார்ந்திருக்காங்கடி." வைத்துவிட்டாள்.

நாலரைக்கு எதிர்வீட்டு அத்தை வியர்க்க வியர்க்க வந்தார். "உங்கக்கா இல்லையா? என் பங்கு எல்லாத்தையும் வித்துட்டுப் பணத்தை எடுத்துடட்டுமாம்மா?"

எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றுதான் சொன்னேன். உட்கார வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். பிறகு கேட்டேன். "அந்தப் பணம் உங்களுக்கு எதுக்கு அத்தை? எப்ப வேணும்?"

தையலைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் பேசினார், அரைமணி நேரம். கணவருக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

பணம் எதற்கு, எப்போது வேண்டும் என்பதைத் தனித்தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அக்கா வந்ததும் தர வேண்டும். மணி ஏழரை, இன்னும் வரவில்லை.