சிறைக்குள் நடக்கும் உன் வகுப்பு

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. கணபதியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிணத்துக்கடவு போகும் பஸ்ஸில் நீ மயங்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதே அழைப்பில், உன் உயிர் போய்விட்டது என்றும் சொன்னார்கள். மிஷினை முறைப்படி நிறுத்தி, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் குழாயை மூடிவிட்டுத்தான் கிளம்பினேன். இன்றும் அந்தக் கூலன்ட் வாடை அடித்தால் பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். "எத்தன மணிக்கு? கூட யாரு இருந்தா? மாத்திர போட்டாளா?" கேட்டு முடித்ததும், "தைரியமா இரு கண்ணு" என்றார்கள். குக்கர் விசிலடித்தாலும் காலிங் பெல் அடித்தாலும் எனக்கு இப்போது பயம்.

அவர்கள் கேட்கக் கேட்க, உன் கைதிகள் ஞாபகம்தான் வந்தது. பரிவோடு கேட்கவும் பேசவும் சிறைக்குள் வகுப்பு நடத்திச் சில கைதிகளைப் பழக்கினாய். அவர்கள் மற்ற கைதிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

"ஏனுங்க, எல்லாரும் இன்ஸ்பெக்டராட்டம் கேக்கறாங்க. எங்க, எப்ப, கூட யாருன்னு. ஒருத்தரு, 'ஏப்பா, எஃப்ஐஆர் போடறயா'ன்னுட்டாரு."

பிறகு மெதுவாக, "அவங்கள வேற மாதிரி யாருமே கேட்டதில்லீங்க" என்றாய்.

என்னிடமும் அப்படிக் கேட்டுப் பழகிப் பார்த்தாய்.

"இப்ப உங்களுக்கு எப்பிடி இருக்குதுங்க?"

"பசிக்குது அம்மணி."

"அது ஒடம்போட தேவைங்க. உணர்ச்சியச் சொல்லுங்க."

"சோறு போடாம கேள்வி கேக்கறது கோவமா இருக்குது."

தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாய்.

போன வாரம் சிறை நல அலுவலர் கூப்பிட்டார். நீ பழக்கிய ராசு, ஆயுள் தண்டனைக்காரர், தானே நடத்தும் முதல் வகுப்புக்கு என்னை வரச் சொல்கிறாராம். உன் பேச்சை வேறொருவர் வாயில் கேட்க வேண்டுமே என்று பயந்தேன். அது அங்கேயும் இல்லாமல் போயிருந்தால் என்று அதைவிடப் பயந்தேன்.

இன்று போனேன். ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ராசு என்னிடம் எங்கே, எப்போது என்று எதையும் விசாரிக்கவில்லை.

"இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

"பயமா இருக்குதுங்க" என்றேன்.

என் பக்கத்தில் இருந்த புதுக் கைதி, "பயப்படாதீங்க சாமி" என்று ஆரம்பித்தார். ராசு கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு பயப்படட்டுங்க. நாம கூட உக்காந்திருக்கலாம்."

உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார்த்தைகளை நீ சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய சொந்தப் பேச்சு. உன் வகுப்பு உன்னைத் தாண்டிப் போய்விட்டது அம்மணி.

சிறை வாசலில், வாங்கி வைத்திருந்த போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆன் செய்த உடனே பெரியப்பா கூப்பிட்டார், தைரியம் சொல்ல. பயம் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் அதோடு உட்கார்ந்திருக்கப் போகிறேன். போனை அணைத்துவிட்டேன்.